மின்சாரம் கூடினால் நாடு வளர்கிறதா, நாடு வளர்வதால் மின்சாரம் கூடுகிறதா?

தேவகோட்டை டீச்சர் கேட்டது:

வணக்கம். மேல்நிலைப் பள்ளியில் பொருளியல் நடத்துகிறேன். தேசிய வருமானம் முடிந்து, சுற்றுச்சூழல் பொருளியல் பாடம் நடந்துகொண்டிருக்கிறது. கவிழ்த்து வைத்த கிண்ணம்போல அந்த வளைவைப் பலகையில் வரைந்தேன். நாடு ஏழையாக இருந்து வளரும்போது மாசு ஏறும், ஓரளவு வசதி வந்த பிறகு இறங்கும் என்பதுதான் அது சொல்வது. இதன் மூலம், 1955-இல் குஸ்நெட்ஸ் என்ற பொருளியலாளர் வருமான ஏற்றத்தாழ்வு முதலில் ஏறி, பிறகு இறங்கும் என்று சொன்ன கருத்து. 1991-இல் கிராஸ்மன், குரூகர் என்ற பொருளியலாளர்கள் இருவரும் காற்று மாசுக்கு அதைப் போன்ற ஒரு வளைவைக் கண்டார்கள். இவ்வளவும் சொல்லி முடித்தபோது ஒரு மாணவி எழுந்தாள். "எங்கள் அப்பா ரைஸ்மில்லில் இருக்கிறார், டீச்சர். கரண்ட் இருந்தால்தான் மில் ஓடும். மில் ஓடினால்தான் கரண்ட் பில் ஏறும். இதில் எது முதலில்?"

அறிஞர்களும் இதைத்தான் கேட்டிருக்கிறார்கள். 1978-இல் கிராஃப்ட் என்ற பெயருடைய இருவர் அமெரிக்கப் புள்ளிவிவரத்தை அலசி, வருமானம்தான் எரிசக்தியை இழுத்துச் செல்கிறது, எரிசக்தி வருமானத்தை அல்ல என்றார்கள். அதன் பிறகு வந்த ஆய்வுகள் நாட்டுக்கு நாடு வேறு வேறு முடிவு சொல்கின்றன. எரிசக்தி வளர்ச்சியைத் தள்ளுகிறது, வளர்ச்சி எரிசக்தியைத் தள்ளுகிறது, இரண்டும் ஒன்றையொன்று தள்ளுகின்றன, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை என்று நான்கு கட்சி. இதைப் பலகையில் எழுதினால் பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஐந்து மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். எனக்கு வேண்டியது அது இல்லை.

நம் பக்கத்தில் கண்ணால் பார்க்கக்கூடிய உதாரணம் யாராவது சொல்லுங்கள். இன்னொன்று: வளர்ந்துகொண்டே கரியமில வாயுவை உண்மையிலேயே குறைத்த நாடு இருக்கிறதா, இல்லை அடுத்த நாட்டின் தலையில் கட்டிவிட்டுக் கை கழுவினார்களா?

கானாடுகாத்தான், தற்போது சிங்கப்பூர்:

டீச்சர், இரண்டாவது கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். இருக்கிறது. பிரிட்டன். 1990-க்கும் 2022-க்கும் இடையே அவர்கள் மண்ணில் வெளியான வாயு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. அதே காலத்தில் பொருளாதாரம் ஏறக்குறைய 80 சதவீதம் வளர்ந்தது. 1882-இல் லண்டனில் நிலக்கரியை எரித்துப் பொதுமக்களுக்கு மின்சாரம் கொடுக்கத் தொடங்கிய நாடு, 2024 செப்டம்பர் 30 அன்று தன் கடைசி நிலக்கரி மின் நிலையத்தை மூடியது. முதலில் நிலக்கரியிலிருந்து எரிவாயுவுக்குப் போனார்கள், பிறகு கடலில் காற்றாலை நட்டார்கள்.

தலையில் கட்டினார்களா என்றால், கொஞ்சம் கட்டினார்கள். சட்டையையும் எஃகையும் வெளியில் செய்து வாங்கினால் புகை செய்த ஊரின் கணக்கில் ஏறும். இறக்குமதிப் பொருள்களுக்குள் இருக்கும் புகையைச் சேர்த்துப் பார்த்தாலும் பிரிட்டனின் கணக்கு குறைந்துதான் இருக்கிறது, ஆனால் அந்த அளவுக்கு இல்லை. இந்த ஓட்டையை அடைக்கத்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜனவரி முதல் எல்லையில் கார்பன் வரி வைத்திருக்கிறது. இரும்பு, எஃகு, அலுமினியம், சிமெண்ட், உரம் போன்ற பொருள்களுக்கு. நம் ஊர் எஃகு ஆலைகளுக்கு இது தலைவலி.

நான் இருக்கும் ஊரில் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 சதவீதம் இயற்கை எரிவாயுவில்தான் வருகிறது. சூரியத் தகடு வைக்க இடம் இல்லை, காற்றும் இல்லை. கார்பன் வரியைப் படிப்படியாக ஏற்றுகிறார்கள். 2019-இல் டன்னுக்கு 5 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), 2024-இல் 25, 2026-இல் 45. வளர்ச்சி நின்றுவிடவில்லை. ஆனால் பணக்கார நாடு செய்வதை வைத்து நமக்குப் பாடம் எடுத்தால் எனக்கே கொஞ்சம் எரிச்சல்தான்.

புதுவயல் கணக்கர்:

முதல் கேள்விக்கு நான் வருகிறேன் டீச்சர். புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். படிப்பு பி.காம்., பொருளியல் அல்ல. ஆனால் கரண்ட் பில், டீசல் பில், உமிக் கணக்கு, மூட்டைக் கணக்கு எல்லாம் என் மேசை வழியாகத்தான் போகின்றன. உங்கள் மாணவியின் அப்பா எங்கள் மில்லிலேயே இருந்தாலும் ஆச்சரியம் இல்லை.

2012 மின்வெட்டை நினைத்துப் பாருங்கள். சென்னைக்கு வெளியே இருந்த யாரும் அதை மறந்திருக்க முடியாது. புழுங்கல் அரிசிக்கு நெல்லைத் தொட்டியில் ஊற வைத்து, ஆவியில் அவித்து, உடனே காய வைக்க வேண்டும். பாதியில் கரண்ட் போனால் ஊறிய நெல் காத்திருக்காது. புளித்து நாற்றம் எடுக்கும், அரிசி பழுப்பு ஏறும், வியாபாரி மூட்டைக்கு விலையைக் குறைப்பான். அதனால் ஜெனரேட்டர் ஓடியது. ஒரு லிட்டர் டீசலுக்கு மூன்று, மிஞ்சினால் மூன்றரை யூனிட். அந்த ஒரு லிட்டர் எரிந்தால் 2.7 கிலோ கரியமில வாயு. அரிசி அதே அரிசி, விலை அதே சந்தை விலை. டீசலுக்குக் கொடுத்த பணம் கொள்முதல் செலவு. விற்ற தொகையிலிருந்து இப்படிப்பட்ட கொள்முதல் செலவுகளை எல்லாம் கழித்தால் மிஞ்சும் கூட்டு மதிப்புதான் நாட்டு வருமானத்தில் எங்கள் மில்லின் பங்கு. அந்த ஆண்டு எங்கள் புகையும் ஏறியது, எங்கள் பங்கும் சுருங்கியது. வளர்ச்சியும் புகையும் கைகோத்துக்கொண்டுதான் போகும் என்பவர்களுக்கு அந்த ஆண்டின் பேரேட்டைக் காட்டலாம்.

பிறகு மின்வெட்டு தீர்ந்தது. உடனே மில் இரட்டிப்பாக ஓடிவிட்டதா? இல்லை. நெல் வர வேண்டும், அதை வாங்க வங்கியில் கடன் வரம்பு வேண்டும், இறக்க ஆள் வேண்டும், விற்ற இடத்திலிருந்து பணம் திரும்ப வேண்டும். கரண்ட் இருந்தும் பூட்டிக் கிடக்கும் மில்லை எங்கள் சாலையிலேயே காட்டுகிறேன். மின்சாரம் இல்லாவிட்டால் வளர்ச்சி நிற்கும். மின்சாரம் இருப்பதனாலேயே வளர்ச்சி வந்துவிடாது. இந்த ஒருதலைத் தன்மையைக் கணக்கில் எடுக்காமல், இரண்டு வரிசை எண்களை மட்டும் வைத்து எது முந்தி எது பிந்தி என்று பார்த்தால் நாட்டுக்கு ஒரு விடைதான் வரும். தட்டுப்பாடு உள்ள நாட்டில் ஒன்று, தாராளமாகக் கிடைக்கும் நாட்டில் வேறொன்று.

இன்னொன்றையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். முன்பெல்லாம் அவித்த நெல்லைக் களத்தில்தான் காய வைத்தார்கள். வெயிலில் பெண்கள் வரிசையாக நடந்து காலாலேயே கிளறிவிடுவார்கள். மழை வந்தால் ஓடிப்போய்க் குவித்துத் தார்ப்பாய் போட வேண்டும். இப்போது டிரையர். உமியை எரித்த சூடு, பெரிய விசிறி, மேலே ஏற்ற எலிவேட்டர், எல்லாவற்றுக்கும் மோட்டார். புள்ளிவிவரத்தில் எங்கள் மில்லின் எரிசக்திப் பயன்பாடு ஒரேயடியாக ஏறியது. ஆனால் களத்தில் காய்ந்த நெல்லுக்கும் எரிசக்தி செலவாகத்தான் செய்தது. சூரியன் பில் அனுப்பவில்லை, அந்தப் பெண்களின் கால்களுக்கு மீட்டர் இல்லை. நாடு வளரும்போது எரிசக்தி கூடுகிறது என்று சொல்வதில் ஒரு பகுதி, கணக்குக்கு வெளியே இருந்தது கணக்குக்குள் வந்ததுதான். அந்தப் பெண்களில் பாதிப் பேர் எங்கே போனார்கள் என்று என்னிடம் கேட்காதீர்கள். அது வேறு கணக்கு, எங்கள் மில்லில் யாரும் அதை எழுதவில்லை.

இப்போது உங்கள் கவிழ்ந்த கிண்ணத்துக்கு வருகிறேன். பாய்லரில் உமி எரிந்தால் கருஞ்சாம்பல் பறக்கும். எங்களுக்குப் பக்கத்துத் தெருவில் மாடியில் காயப்போட்ட துணி, வற்றல், வடகம் எல்லாவற்றிலும் அது விழுந்தது. ஒரு நாள் ஆச்சி ஒருவர் கருப்புப் புள்ளி விழுந்த வடகத்தை முறத்தோடு கொண்டுவந்து முதலாளியின் மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார். அதற்கு முன் எழுதிக்கொடுத்த மனுக்கள் எதற்கும் அசையாதவர், அந்த மாதமே சாம்பலைப் பிடிக்கும் சைக்ளோன் வைக்க ஆர்டர் கொடுத்தார். கண்ணுக்குத் தெரியும் மாசுக்கு அந்த வளைவு பொருந்துவதன் காரணம் இதுதான். பாதிக்கப்படுகிறவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார், சண்டைக்கு வருகிறார், மில்லிடம் சைக்ளோன் வாங்கக் காசும் இருக்கிறது. கந்தக வாயு அப்படிப்பட்டது. கரியமில வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, இங்கே விட்டால் உலகம் முழுக்கப் பரவும். அதற்காக முறத்தைத் தூக்கிக்கொண்டு யாரும் வரப்போவதில்லை. வருமானம் ஏறினால் அது தானாக இறங்கும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. பிரிட்டனில் இறங்கியது என்றால் சட்டம் போட்டு, வரி போட்டு, நிலக்கரியை விரட்டித்தான் இறக்கினார்கள்.

கடைசியாக, எனக்குப் பிடித்த கணக்கு. முதலாளிக்கு மூட்டைக்கு எத்தனை யூனிட் என்பதே வேதம். பழைய மோட்டார்களை மாற்றினோம். கெப்பாசிட்டர் வைத்தோம். கலர் சார்ட்டருக்குக் காற்று கொடுக்கும் கம்பிரஸர் குழாயில் சோப்பு நுரை தடவிப் பார்த்து, காற்று கசியும் இணைப்புகளை எல்லாம் அடைத்தோம் (கருப்பு அரிசியைக் காற்றால் ஊதித் தள்ளும் இயந்திரம் அது. குழாய் கசிந்தால் கம்பிரஸர் ஓய்வே இல்லாமல் ஓடும்). மூட்டைக்கு ஆகும் யூனிட் நன்றாகவே இறங்கியது. மிச்சப்பட்ட பணத்தில் என்ன செய்தார்? இரண்டாவது கலர் சார்ட்டர் வாங்கினார், இரவு ஷிப்டு போட்டார். மொத்த பில் ஏறியது. 1865-லேயே ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயர் நிலக்கரியைப் பார்த்துச் சொன்னது இதைத்தான்: சிக்கனமான எந்திரம் வந்தால் நிலக்கரிச் செலவு கூடவே செய்யும்.

நாட்டுக்கும் இதே கதை. ஒரு ரூபாய் உற்பத்திக்கு இந்தியா வெளியிடும் வாயு 2005-க்கும் 2020-க்கும் இடையே 36 சதவீதம் குறைந்தது என்று அரசு ஐ.நா.வுக்குத் தெரிவித்திருக்கிறது. பதினைந்து ஆண்டுக்குக் கூட்டு வட்டி முறையில் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 3 சதவீதம். நல்ல வேலை. ஆனால் பொருளாதாரம் 6 சதவீதம் வளர்ந்து, ரூபாய்க்கான புகை 3 சதவீதம் குறைந்தால், மொத்தப் புகை ஆண்டுக்கு 3 சதவீதம் ஏறத்தான் செய்யும். கரியமில வாயுவை 2005-இல் இருந்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இன்று வெளியிடுகிறோம். 2030-க்குள் 45 சதவீதம் குறைப்போம் என்ற உறுதிமொழியும் ரூபாய்க் கணக்குதான், மொத்தக் கணக்கு அல்ல. அதை நூற்றுக்கு நூறு நிறைவேற்றினாலும் மொத்தம் ஏறலாம். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, ஒளிக்கவும் இல்லை. ஆளுக்கு ஆண்டுக்கு 2 டன் சுற்றளவில் வெளியிடும் நாடு, 14 டன் வெளியிடும் அமெரிக்கனைப் பார்த்து இன்றே மொத்தத்தைக் குறை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளாது. ஆனால் செய்தித்தாளில் "36 சதவீதம் குறைந்தது" என்று படித்துவிட்டுப் புகையே குறைந்துவிட்டதாக நினைப்பவர்களை டீக்கடையில் தினமும் பார்க்கிறேன்.

ஆத்தங்குடி பட்டறை:

கணக்கர் அண்ணன் சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். எங்கள் ஆத்தங்குடித் தரைக் கல்லுக்குச் சூளையே கிடையாது. கண்ணாடிமேல் அச்சை வைத்து, அச்சுக்குள் கையால் வண்ணத்தை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, காய வைத்தால் முடிந்தது. குஜராத் மோர்பியில் செய்யும் டைல்ஸ் எரிவாயுச் சூளையில் 1,200 டிகிரி சூட்டில் வேகிறது. நாட்டு வருமானத்தில் அவர்கள் யானை, நாங்கள் எறும்பு. ஆனால் நெருப்பே மூட்டாமல் எத்தனை குடும்பம் சாப்பிடுகிறது என்று பார்த்தால் எங்களுக்கும் ஒரு மரியாதை கொடுக்கலாம். காரைக்குடியில் புதிதாக வீடு கட்டுகிறவர்களே மோர்பி டைல்ஸ் போட்டுக்கொண்டு, விருந்தாளி வந்தால் எங்கள் பட்டறைக்குக் கூட்டிவந்து படம் எடுக்கிறார்கள். அந்தக் கோபத்தில் எழுதுகிறேன்.

சிக்ரி (காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்), ஓய்வு:

ஆத்தங்குடித் தம்பி, கோபம் நியாயம். ஆனால் நெருப்பு உங்கள் பட்டறையில் இல்லையே தவிர, உங்கள் சிமெண்ட் மூட்டைக்குள் இருக்கிறது. சிமெண்ட் சூளை 1,450 டிகிரி. அதைவிட முக்கியம், சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் அந்தக் கல்லிலிருந்தே கரியமில வாயு பிரிந்து வெளியேறும். சிமெண்ட் ஆலை வெளியிடும் வாயுவில் பாதிக்குமேல் இந்த வேதிவினையில் வருவது. எரிபொருளை மாற்றினாலும் இது போகாது. உலக வெளியீட்டில் 7, 8 சதவீதம் சிமெண்டின் பங்கு. நாடு வளர்கிறது என்றால் முதலில் சாலை, பாலம், வீடு. அதனால் வளர்ச்சியின் தொடக்கக் கட்டத்தில் ஒரு ரூபாய்க்கான புகை கனமாகத்தான் இருக்கும். நம் பழைய வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சும் சுட்ட சுண்ணாம்புதான். ஆனால் அது இறுகும்போது காற்றிலிருந்து கரியமில வாயுவைத் திரும்ப இழுத்துக்கொண்டுதான் கல்லாகிறது. விறகு எரித்த புகை மட்டும்தான் போனது போனது. சிமெண்டும் கொஞ்சம் இழுக்கும், பல ஆண்டுகளில், மெதுவாக.

டீச்சருக்கு ஒரு சேதி. யூனிட்டுக்கு எவ்வளவு வாயு என்பதில் பிள்ளைகள் ஏமாந்துபோக ஓர் இடம் இருக்கிறது. 2025-இல் இந்தியாவின் நிறுவு திறனில் (எல்லா மின் நிலையங்களும் முழு வீச்சில் ஓடினால் தரக்கூடிய அளவு) பாதி நிலக்கரி, எரிவாயு சாராததாக ஆகிவிட்டது. உண்மை, பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் உற்பத்தியில் நிலக்கரியின் பங்கு இன்னும் ஏறக்குறைய முக்கால். காரணம் எளிது. நமக்குத் தெற்கே கமுதியில் 2016-இல் அமைத்த 648 மெகாவாட் சூரிய நிலையம் இரவில் பூஜ்யம், விடிகாலையில் கொஞ்சம், உச்சிவேளையில் முழு வீச்சு. சராசரி போட்டால் திறனில் ஐந்தில் ஒரு பங்கு தேறும். நிலக்கரி நிலையம் இரவு பகல் ஓடும். கணக்கர் தம்பியின் இரவு ஷிப்டுக்கு மின்சாரம் கொடுப்பது கமுதி அல்ல.

அந்த இடைவெளியை நிரப்ப மின்கலம் வேண்டும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறந்த எங்கள் நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்வதும் அதைத்தான். காரைக்குடிக்காரர்களே அதைத் தாண்டி பஸ்ஸில் போவார்கள், உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்கமாட்டார்கள். மாணவிகளை அழைத்துப் போக அனுமதி கேட்டுப் பாருங்கள். அறிவியல் தினத்தை ஒட்டிக் கேட்டால் நல்லது.

தேவகோட்டை டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. முறத்தோடு வந்த ஆச்சியை வகுப்பில் சொல்லப்போகிறேன், தடுக்க முடியாது. ஒரு சந்தேகம். பிள்ளைகள் தாங்களே போட்டுப் பார்க்கும்படி ஒரே ஒரு வாய்ப்பாடு வேண்டும். நான்கு கட்சி ஆய்வுகளை விட்டுவிடுகிறேன். நம் அன்றாடத்திலிருந்து எண்களைக் கொண்டுவர முடியுமா?

புதுவயல் கணக்கர்:

முடியும். ஜப்பானிய எரிசக்திப் பொருளியலாளர் யோயிச்சி காயா கொடுத்த பெருக்கல் இருக்கிறது. மொத்தப் புகை என்பது மக்கள் தொகை, ஆளுக்கு வருமானம், ஒரு ரூபாய் வருமானத்துக்கு எரிசக்தி, ஒரு யூனிட் எரிசக்திக்குப் புகை ஆகிய நான்கையும் பெருக்கி வருவது. இதைத் தெரிந்துகொண்டால் யார் எதைப் பேசுகிறார்கள் என்று பிள்ளைகளே பிரித்துவிடுவார்கள். எங்கள் முதலாளியின் மூட்டைக் கணக்கு மூன்றாவது. சிக்ரி ஐயா சொன்னது நான்காவது. முதல் இரண்டையும் குறை என்று வெளியூர்க்காரன் சொன்னால் நாம் முறைக்கிறோம், முறைப்பதும் சரி.

எண்கள் வேண்டுமானால் வீட்டுக் கரண்ட் பில்லை எடுத்துவரச் சொல்லுங்கள். நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ. இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் என்றால் 210 கிலோ. 14.2 கிலோ கேஸ் சிலிண்டர் தீர்ந்தால் 42 கிலோ போடலாம். வீட்டில் எத்தனை பேர் என்று வகுத்து, ஏ.சி. உள்ள வீட்டையும் இல்லாத வீட்டையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். வகுப்புக்குள்ளேயே ஓர் அமெரிக்காவும் ஓர் இந்தியாவும் இருக்கும். ஆனால் பெயர் போட்டுப் பலகையில் எழுதாதீர்கள், பிள்ளைகள் கூசுவார்கள்.

மில் கணக்குக்கு, மூட்டைக்கு எத்தனை யூனிட், மொத்தம் எத்தனை யூனிட் என்று ஆண்டு வாரியாக இரண்டு வரிசை எடுத்துத் தருகிறேன். முதலாளியிடம் கேட்டேன். மில் பெயரும் இணைப்பு எண்ணும் தெரியக்கூடாது என்றார், மற்றபடி சரி என்றார். டீசல் செலவைத் தனி வரிசையாகப் போடட்டுமா, யூனிட்டாக மாற்றிச் சேர்த்துவிடட்டுமா என்று மட்டும் சொல்லுங்கள்.